எக்காளம் கேட்டவர் எங்கே போவார்?



ராகலையில் எப்பக்கம் திரும்பினாலும் மலைதான். ஆயினும் நம் நாட்டில் எரிமலை கிடையாது. நம்மவர் வழிவந்தோர் வாழும் ரீயூனியன் தீவில் உண்டு. 1848இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருந்தொகையில் கப்பலேற்றப்பட்டார்கள். நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த அதே நூற்றாண்டு.

அந்த எரிமலையின் பெயர் பித்தோன் த லா ஃபூர்னேஸ். உயரம் 2632 மீட்டர். உலகில் அடிக்கடி நெருப்புக் கக்கும் மலைகளுள் ஒன்று. ஆனாலும் வழிகாட்டியோடு ஒரே நாளில் ஏறி இறங்குகிறார்கள். பெல்கோம்ப் என்னுமிடத்தில் ஒரு கதவு. அதைக் கடந்து செங்குத்துச் சரிவில் இறங்கினால், கண்ணுக்கெட்டிய மட்டும் உறைந்த கரிய எரிகுழம்பு. பாறைகளில் வெள்ளைச் சாயப் புள்ளிகள், அவைதாம் பாதை. அவற்றை விட்டு விலக வழிகாட்டி விடமாட்டார். மூடுபனி இறங்கினால் பக்கத்திலிருப்பவரும் தெரியார். ராகலைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உச்சியில் டொலொமியூ என்னும் எரிவாய். 2007 ஏப்ரலில் அதன் தரை ஏறக்குறைய 300 மீட்டர் ஆழத்துக்கு இடிந்து விழுந்தது.

மலை குமுறும் அறிகுறி தெரிந்தால் கதவைப் பூட்டிவிடுவார்கள்.

1977 ஏப்ரலில் எரிகுழம்பு பித்தோன் செயின்ட் ரோஸ் ஊருக்குள் பாய்ந்து வீடுகளை எரித்தது. கோவில் வாசலில் நின்று, இருபுறமும் சுற்றிப் போயிற்று. இன்று அது எரிகுழம்பு மாதா கோவில். புதுமை என்கிறார்கள். நான் மறுக்க வரவில்லை. ஆனால் வீடிழந்தவனிடம் போய், ஆண்டவர் தம் வீட்டை மட்டும் காத்தார் என்று சொல்வோமா? மக்களை வெளியேற்றினார்கள் அல்லவா, எனக்கு அதுவே பெரிய புதுமை. 1979இல் மலையைக் கண்காணிக்க ஆய்வுநிலையமும் எழுந்தது.

எசேக்கியேல் ஆகமம் 33ஆம் அதிகாரத்தில் ஒரு காவலாளி வருகிறான். ஆபத்தைக் கண்டும் எக்காளம் ஊதாவிட்டால் இரத்தப்பழி அவன்மேல். ஊதியும் கேளாதவனின் பழி அவனவன் தலைமேல். கேட்டும் போக இடமில்லாதவனின் பழி?

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் எச்சரித்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் சரிந்து லயங்களை மூடியது. கதவு பூட்டினால் உல்லாசப் பிரயாணி விடுதிக்குத் திரும்புவான். லயத்துக்காரன் எங்கே திரும்புவான்? ‘போகச் சொன்னோம், போகவில்லை’ என்று கை கழுவுவது பிலாத்துவின் வேலை.

லயத்துப் பின்மேட்டில் வெடிப்பு விழுந்தாலோ, மரங்கள் சாய்ந்தாலோ, ஊற்றுநீர் திடீரென்று கலங்கினாலோ கிராம சேவகருக்கு உடனே சொல்லுங்கள். அடைமழை இரவில் கோவில் மண்டபத்துத் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதையும் இந்த ஞாயிறே பங்குத்தந்தையிடம் கேட்டு வையுங்கள்.