சமமும் சமநிலையும்

புத்தளத்து உப்பளங்களிலிருந்து சிலாபம் வழியே கொழும்பு செல்லும் லொறி, உப்புடன் போய் வெறுமையாய் மீள்கின்றது. வண்டி ஒன்றேயாயினும் அதனை நிறுத்தும் முறை இரு நிலையிலும் ஒன்றன்று.

பிறேக்கை மிதிக்குங்கால் பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. முன்சில்லுகள் நிலத்தை அழுத்திப் பற்ற, பின்சில்லுகளின் பிடிமானம் குறைகின்றது. சுமையோடு அவை தாங்கும் தடையை வெறுவண்டியில் தாங்கா. முன்சில்லுகளுக்கு முந்தி அவை இறுகிவிடின் வண்டி பக்கவாட்டிற் சுழலும். ஆதலாற் பல வண்டிகளில், சுமையின் அளவுக்கேற்பப் பின்தடையைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று அமைக்கப்படுகின்றது.

எல்லாச் சில்லுக்கும் ஒரே தடை என்பது நீதிபோலத் தோன்றலாம். ஆயின், தாங்குந்திறன் நோக்காத சமம் நீதியாகாது. அதற்காகப் பின்சில்லுகளை முற்றாக விடுவிப்பதும் தவறே. முன்சில்லுகள் தனித்துழைக்க, வண்டி நிற்குந் தூரம் நீளும். ஒவ்வொன்றும் தன் ஆற்றலின் எல்லைவரை பங்கேற்பதே சமநிலை.

அவ்வால்வைச் சுமைநிலையிலேயே கட்டிவைத்து, "வண்டி நிற்கிறதுதானே" என அமைதி கொள்வோரும் உளர். சுமையுள்ளவரை குறை தெரியாது. மழைநாளில் வெறுவண்டி திரும்புகையிலேயே அது வெளிப்படும். பாலாவிச் சந்தியிற் சைக்கிளில் வருபவரை எவரும் சம்மதம் கேட்டதில்லை. ஆயினும் விலை கொடுப்பவர் அவராகலாம். கராஜில் வால்வைத் திருத்துபவரின் கடமை, வண்டியின் உரிமையாளரோடு முடிவதன்று. தாம் என்றுங் காணாத அம்மனிதர்வரை அது நீளுகின்றது.