செம்மறி ஆட்டின் சினம்

சிறுவர்க்கென எடுக்கப்படும் சித்திரப் படம் சிலபோது பெரியோரையும் சிந்திக்க வைத்துவிடுகிறது. 2016-ல் டிஸ்னி நிறுவனத்தார் வெளியிட்ட ‘ஸூட்டோப்பியா’ அத்தகையது.

மிருகங்கள் மனிதரைப் போல் வாழும் ஒரு நகரம். அங்கே வேட்டை விலங்குகள் நூற்றுக்குப் பத்து. மற்றவை சாதுப் பிராணிகள். திடீரென வேட்டை விலங்குகள் சில வெறிகொள்கின்றன. மருந்தைச் செலுத்தி வெறியேற்றிய சூழ்ச்சிக்காரர் யார்? புலியன்று, நரியன்று, துணை மேயரான செம்மறி ஆடு!

ஏன் அப்படிச் செய்தது? மேயரான சிங்கம் அதனை ஏவலாள்போல் நடத்தியது. பட்டப்பெயர் சூட்டி எள்ளியது. அவமானம் உள்ளே புளித்து நஞ்சாயிற்று. வேட்டை இனம் முழுவதையும் குற்றவாளியாக்கி, பெரும்பான்மையோரின் அச்சத்தின் மீது அது தன் ஆட்சியை நிறுவ முயன்றது.

ஆடு பட்ட அவமானம் மெய்தான். எனினும் அது செய்தது நியாயமாகுமா? ஒருபோதும் ஆகாது. வெறியேற்றப்பட்ட விலங்குகள் அதற்கு ஒரு தீங்கும் செய்யவில்லையே! காயம் குற்றத்தின் காரணத்தைக் காட்டும், கறையைக் கழுவாது. ஆயினும் சிங்கத்தின் பங்கையும் நாம் மறந்துவிடலாகாது.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை நடத்தும் சகோதரர்களே! வாடிக்கைக்காரர் முன்னிலையில் சிப்பந்தியை இழித்துப் பேசிவிட்டு, அவர் மௌனத்தைப் பணிவென்று எண்ணுகிறோமா? அப்படியானால் நாம் சிங்கம். நம்மை ஏமாற்றிய ஒருவனை முன்னிட்டு அவன் இனத்தையே வெறுக்கிறோமா? அப்படியானால் நாம் ஆடு. ஒருவன் வைத்த பாக்கியை ஊரார் அனைவர் பேரிலும் பற்றெழுதுவது எந்தப் பேரேட்டில் நியாயம்?