பெட்டிச் சாவி யார் கையில்?

பரோபகாரம் வேறு, வியாபாரம் வேறு என்று நம்மவர் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கின்றனர். கொடுப்பவன் கணக்குப் பார்க்கலாகாது. கணக்குப் பார்ப்பவன் கொடையாளன் ஆகமாட்டான் என்பது அவ்வெண்ணத்தின் சாரம். இக்காலத்திலோ சமூகத்தின் குறை ஒன்றைத் தீர்ப்பதையே தொழிலாகக் கொண்டு, அத்தொழிலின் வரவிலேயே அத்தொண்டை நிலைநிறுத்தும் முயற்சிக்குச் சமூகத் தொழில்முயற்சி என்று பெயரிட்டிருக்கின்றனர். சிங்கப்பூரில் இத்தகைய முயற்சிகளை வளர்ப்பதற்கென்றே 2015-ஆம் ஆண்டில் ஒரு மையம் நிறுவப்பட்டது. வாலிபர்களே, இத்துறையில் இறங்குங்கள் என்று மேடைகளில் அழைப்பும் கேட்கின்றது. அழைப்பு நன்று. ஆயினும், அதற்கு முன் ஆராய வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. பிறர் குறையைத் தீர்ப்பதற்கு விலை பெறுவது அறமாகுமா? வாலிபர்களை வலுப்படுத்துவோம் என்று நாம் கூறும்போது, உண்மையில் அவர்கள் கையில் எதைக் கொடுக்கின்றோம்? இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள்போல் தோன்றினும், ஆராய்ந்து பார்ப்பின் வேர் ஒன்றே என்பது நமது அபிப்பிராயம்.

திருவள்ளுவர் இவ்விஷயத்தை நுட்பமாகப் பிரித்திருக்கின்றார். ஈகை என்று ஓர் அதிகாரம் வகுத்த அப்பெரியார், அதற்கு முன்னர் ஒப்புரவறிதல் என்று மற்றோர் அதிகாரத்தைத் தனியே வைத்தார். ஈகையாவது, இருப்பவன் இல்லாதவன் கையில் இடுவது. ஒப்புரவோ, ஊரோடு ஒன்றி வாழ்பவனின் கடமை. அவ்வதிகாரத்தில் ஊரார் நீருண்ணும் நீர்நிலை உவமையாக வருகின்றது. ஒருவர் வீட்டு வாயிலில் நின்று ஒரு செம்பு நீர் கேட்பவன் தலை குனிகின்றான். ஊர்க்குளத்தில் குடம் நிறைப்பவள் எவருக்கும் தலை குனிவதில்லை. நீர் ஒன்றே, நிற்கும் நிலை வேறு.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வழங்கிய குடிமராமத்தையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். குளத்தால் பயன்பெறும் குடிகளே கூடி வண்டல் வாரிக் கரை உயர்த்துவது அவ்வழக்கம். ஆனால் உண்மையை மறைத்துப் பழம்பெருமை பேசுவதில் பயனில்லை. வண்டல் வாரியவனே அக்குளத்தில் நீர் எடுக்கக்கூடாது என்று சாதியின் பெயரால் தடுக்கப்பட்ட ஊர்கள் பல இருந்தன. உழைப்பு ஒருவனுக்கு, உரிமை வேறொருவனுக்கு என்ற அநீதி அது. கடல் கடந்து மலாய் நாட்டுக்கு வந்த நம் முன்னோரில் பலர் அவ்வநீதியை அறிந்தவர்களே. ஆகவே, ஒரு நற்காரியத்தை அளக்கும்போது, அது எத்தனை பேருக்கு நீர் கொடுத்தது என்பதோடு நில்லாமல், குளம் யாருடையது என்றும் கேட்டல் வேண்டும்.

இவ்வளவுகோலை நம் நாட்டு வரலாறு ஒன்றின்மேல் வைத்துப் பார்ப்போம். 1950-களில் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுச் சென்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி மறுபடியும் விற்றனர். தோட்டத் தொழிலாளிக்கு வேலையும் வீடும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டவை. தோட்டம் துண்டானால் கூலி போகும். கூலி போனால் லயத்து வீடும் போகும். இரண்டு தலைமுறை பால் மரம் வெட்டிய குடும்பம், ஒரு கையெழுத்தினால் சாலையோரத்துக்கு வரும். இந்நிலையில் தொழிலாளருக்காக இரங்கியவர் அநேகர். அரிசியும் துணியும் கொடுக்க முன்வரும் நல்லவர்களுக்கும் பஞ்சமிருந்திராது. ஆனால் அரிசி தீர்ந்த மறுநாள் என்ன செய்வது?

1960-ஆம் ஆண்டில் வீ. தி. சம்பந்தன் அவர்கள் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவர் தொழிலாளரிடம் கொடுக்கச் செல்லவில்லை, கேட்கச் சென்றார். நூறு வெள்ளிப் பங்குக்கு மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்துங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். பத்து வெள்ளி என்பது அக்காலத்துத் தொழிலாளிக்குச் சில நாள் உழைப்பு. ஏழையிடம் சென்று பணம் கேட்பதா என்று அன்று எவரேனும் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் அக்கேள்வியில் அடங்கிய மரியாதையை உணர்ந்தோர் தொழிலாளரே. 1961-இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கத்தின் உடைமையாயிற்று. பின்னர் வேறு பல தோட்டங்களும் வாங்கப்பட்டன. கூலிக்கு மரம் வெட்டியவன் தான் வெட்டும் மரத்தில் பங்குடையவனானான். இலவச அரிசி ஆயிரம் மூட்டை கொடுத்திருப்பினும் இம்மாறுதல் நிகழ்ந்திராது.

சிலர் கேட்கக்கூடும்: பங்கு வாங்கும் திறனுள்ளவனுக்கு இது சரி, ஒன்றுமே இல்லாதவனிடமும் விலை கேட்பீரோ? நியாயமான கேள்வி. இதற்கு மதுரையில் விடை இருக்கின்றது. 1976-இல் அரசாங்க உத்தியோகத்திலிருந்து 58-ஆம் வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கொடுக்க இயன்றவர் கொடுத்தனர். இயலாதவருக்கு இலவசமாகவே கண்புரை நீக்கப்பட்டது. கொடுத்தவர் பணத்தில் மிஞ்சியது கொடுக்க இயலாதவர் சிகிச்சைக்குச் சென்றது. கண்ணுக்குள் வைக்கும் வில்லையை வெளிநாட்டிலிருந்து வாங்கும் செலவு தாங்காதென்று கண்டு, 1992-இல் அதைத் தாங்களே செய்யும் ஆலையையும் நிறுவினர். வில்லையின் விலை பன்மடங்கு இறங்கிற்று. இங்கே இலாபம் பாவமன்று. அடுத்த நோயாளியின் கட்டணம் அது. விலை பெறுவதில் அதர்மம் இல்லை. பெற்ற விலை எங்கே செல்கின்றது என்பதை மறைப்பதிலும், இயலாதவனை வாயிலில் நிறுத்துவதிலுமே அதர்மம் இருக்கின்றது.

இனி, வாலிபன் தன் வழியைக் காணும் விதம். உன் உள்ளத்தைக் கேள், அது வழி சொல்லும் என்று உபதேசிப்போர் பலர். உள்ளம் பல சமயம் பக்கத்து வீட்டுக்காரன் பெற்ற புகழைத்தான் சொல்லும். மேற்கூறிய வெங்கடசாமியின் வாழ்வைப் பாருங்கள். பிரசவ மருத்துவராக வேண்டும் என்பதே இளமையில் அவர் விருப்பம். கடுமையான மூட்டுவாதம் அவர் விரல்களை முடக்கியது, அவ்வழி அடைபட்டது. முடங்கிய விரல்களைப் பழக்கி அவர் கண் அறுவையைக் கற்றார். தன் விருப்பத்தைச் சுற்றியே நின்றிருந்தால் ஒரு நோயாளியாகவே நாட்களைக் கழித்திருப்பார். எதிரே இருந்த குறையைப் பார்த்தமையால் வழி கிடைத்தது.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தில் 1844-இல் நெசவாளர் முதலான 28 தொழிலாளர் கூடி 28 பவுன் முதலுடன் ஒரு கடை திறந்தனர். அவர்கள் உலகத்தைத் திருத்தும் திட்டம் ஒன்றை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கடைக்காரர்கள் கலப்பட மாவையும் குறைந்த எடையையும் தலையில் கட்டினர். ஆதலின் கலப்படமற்ற மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி ஆகியவற்றைச் சரியான எடையில் விற்றனர். பணம் எவ்வளவு போட்டிருப்பினும் ஆளுக்கு ஒரே வாக்கு என்றனர். அச்சிறு கடையின் விதிகளே பின்னர் உலகெங்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழிகாட்டியாயின. வழி என்பது தூரத்தில் தெரியும் ஒளியன்று. காலடியில் இடறும் கல். எந்தக் குறையை நம் கையாலும் வயிற்றாலும் அறிவோமோ, அதை எண்ணிக் கணக்கிடத் தொடங்குவதே வழியின் முதல் அடி.

கணக்கிடுவது என்றால் என்ன? தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்கு வீடுகளுக்கு வந்த நம் குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டடத்தில் எத்தனை வீடுகள் வட்டிக்காரனுக்கு மாதம் எவ்வளவு கட்டுகின்றன? எத்தனை பிள்ளைகள் பள்ளி வண்டிக்குப் பணமின்றி நின்றுவிடுகின்றனர்? வீட்டில் தைக்கவும் சமைக்கவும் வல்ல பெண்கள் எத்தனை பேர். அவர்கள் பொருளை வாங்கி விற்கும் தரகன் எவ்வளவு எடுத்துக்கொள்கின்றான்? இவற்றை வீடுவீடாகக் கேட்டு எழுதிய வாலிபன், ஆயிரம் சொற்பொழிவு கேட்டவனைவிட அதிகம் அறிந்தவன். அவ்வேட்டிலேயே அவன் தொழில் கிடக்கின்றது.

ஆனால் அவ்வேட்டை நாம் அவன் கையில் கொடுக்கின்றோமா? நமது சங்கங்களையும் விழாக்களையும் பாருங்கள். நாற்காலி அடுக்க வாலிபன் வேண்டும். பந்தல் கட்ட வேண்டும். பந்தி பரிமாற வேண்டும். பிரமுகர் வந்தால் மாலையைத் தட்டில் ஏந்தி நிற்க வேண்டும். கணக்குப் புத்தகம் திறக்கும்போது மாத்திரம், தம்பி, சற்று வெளியே இரு என்போம். இப்படி இருபது ஆண்டு வெளியே நின்றவனைப் பார்த்து, இக்காலத்து வாலிபருக்குப் பொறுப்பில்லை என்று குறை கூறுவோம். வண்டல் வாரியவனுக்கு நீர் மறுத்த பழைய அநீதிக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? பொறுப்பு என்பது உபதேசத்தால் ஊட்டப்படும் மருந்தன்று. சாவியைப் பிடித்த கையிலேதான் அது வளரும்.

வாலிபர் பணத்தை இழந்துவிடுவார்களே என்று பெரியோர் அஞ்சுகின்றனர். இழக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் நம் சமூகம் இதுவரை இழந்த பணத்தையெல்லாம் வாலிபரா இழந்தனர்? 1980-களில் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்காக மலேசியாவில் நம்மவரிடம் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் திரட்டப்பட்டது. ஏழைகளின் சேமிப்பும் அதில் இருந்தது. கால் நூற்றாண்டு காத்திருந்தும் அவர்கள் எதிர்பார்த்த வளம் வரவில்லை. நடத்தியவர்கள் அனுபவசாலிகளே. புக்கிட் சிடிம் தோட்டத்துப் பங்காளி தன் மரங்களை நாள்தோறும் கண்ணால் கண்டான். பின்னவன் கண்டது ஒரு சான்றிதழ்க் காகிதம். சொந்தக்காரன் பார்க்க இயலாத தூரத்துக்குக் கணக்கு சென்றுவிடுமாயின், வயது முதிர்ச்சி அதைக் காப்பாற்றாது. பார்க்கும் தூரத்தில் இருக்குமாயின், இளமை அதைக் கெடுத்துவிடாது.

ஆகவே வாலிபருக்குச் சிறிய பெட்டியைக் கொடுங்கள். ஆனால் சாவியோடு கொடுங்கள். ஐம்பது குடும்பங்களுக்கு மேற்படாத முயற்சியாக அது தொடங்கட்டும். மாதக் கணக்கைச் சுவரில் ஒட்டட்டும். உழைக்கும் வாலிபனுக்குக் கூலி உண்டு என்று முதலிலேயே விதிக்கட்டும். தொண்டன் பட்டினி கிடக்க வேண்டும் என்பது வசதியுள்ளவர் செய்த நீதி. ஆண்டுக்கொருமுறை சாவி கைமாறட்டும். பெண்கள் கையிலும் அது செல்லட்டும். கையெழுத்துப் போடத் தெரியாத நிலையிலும் இருபது வீட்டுச் சீட்டுப் பணத்தை ஒரு காசு பிசகாமல் மனத்திலேயே வைத்திருந்த தோட்டத்துப் பாட்டிமார் நம்மிடையே இருந்தனர். அவர்கள் பேத்திகளுக்குக் கணக்கு வராது என்போர் நம் குடும்பங்களை அறியாதவர். மலேசிய இடைநிலைப் பள்ளிகளில் மாணவரே பங்காளராகும் கூட்டுறவுச் சங்கங்கள் 1968 முதல் இயங்கி வருகின்றன. பதின்மூன்று வயதில் பள்ளிக் கடையில் பங்காளியாக இருக்கத் தகுந்தவன், இருபத்துமூன்று வயதில் ஊர்ச் சங்கத்தில் நாற்காலி அடுக்க மாத்திரம் தகுந்தவனாவது எவ்வாறு?

ஓர் எச்சரிக்கையும் கூறியாக வேண்டும். வாலிபர் தம் முயற்சியால் குறையைத் தீர்த்துக்கொள்வர் என்று காட்டி, அரசாங்கமும் முதலாளியும் தத்தம் கடமையிலிருந்து நழுவிவிடலாகாது. கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களைக் காத்தது. எல்லாத் தோட்டங்களையும் காக்க அதனால் இயலவில்லை. பின்னாளில் நிலம் வீடமைப்புக்கும் வேறு காரியங்களுக்கும் மாறியபோது வீடிழந்த குடும்பங்கள் மிகப் பல. நியாயமான கூலியும், நல்ல பள்ளியும், வாழ வீடும் உரிமைகள். அவற்றைச் சந்தையில் வாங்கிக்கொள் என்று ஏழை வாலிபனிடம் சொல்வது சமூகத் தொழில்முயற்சியன்று, கைகழுவுதல். எனினும், கணக்கு அறிந்து, பத்துப் பேரைச் சேர்த்து, ஒரு பெட்டியைக் காத்துப் பழகியவனே உரிமையைக் கேட்கும்போதும் உறுதியோடு கேட்பான். எண் தெரிந்தவன் குரலைத் தட்டிக்கழிப்பது எளிதன்று.

தொடக்கத்தில் எழுப்பிய இரு கேள்விகளுக்கும் இப்போது விடை ஒன்றாகவே அமைகின்றது. உதவி பெற்றவன் கடைசிவரை பெறுபவனாகவே நிற்பானாயின், அது இலவசமாயினும் குறையுடைய அறம். உதவி பெற்றவன் கணக்கையும் சாவியையும் ஏற்கும் நிலைக்கு உயர்வானாயின், விலை பெற்றுச் செய்தாலும் அது நிறைந்த அறம். வாலிபருக்கும் இதே அளவுகோல்தான்.

தோழர்களே! அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் சங்கத்தில் கூட்டம் நடக்குமாயின், மேசைமேல் கணக்குப் புத்தகம் விரிக்கப்படும் நேரத்தில், வெளியே நிற்கும் இளைஞனையும் இளம் பெண்ணையும் உள்ளே அழையுங்கள். அவர்களுக்கு நாற்காலி இட்டு, புத்தகத்தை அவர்கள் பக்கமாகத் திருப்பி வையுங்கள்.