காவலுக்குக் காவல் யார்?

பெரம்பலூர் பக்கம் என் அத்தை இருக்கிறார். சின்ன வெங்காயம் உரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சில வருடங்களுக்கு முன்னால் அந்த விரல்கள் வீங்கி மடங்க ஆரம்பித்தன. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற முடக்குவாதம். டாக்டர் எளிமையாகத்தான் சொன்னார்: ''உங்க எதிர்ப்பு சக்தியே உங்க மூட்டை எதிரின்னு நினைச்சு அடிக்குதும்மா!''

அத்தை கேட்டார்: ''தோட்டத்துக் காவக்காரனே பயிரை மேஞ்சா, யார்கிட்ட போய் சொல்றது?''

நான் படித்தது பி.காம். உயிரியலில் வீக். ஆனால், இந்தக் கேள்வியை ஆடிட்டிங் பாடத்தில் பார்த்திருக்கிறேன். 'இன்டர்னல் செக்' என்பார்கள். ஒரு கிளார்க்கின் வேலையை இன்னொரு கிளார்க்கின் வேலை தானாகவே சரிபார்த்துவிடும். 1974-ல் டேனிஷ் விஞ்ஞானி நீல்ஸ் யெர்னே சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். கிருமியைப் பிடிக்க ஓர் ஆன்டிபாடி, அந்த ஆன்டிபாடியைப் பிடிக்க இன்னொன்று, அதைப் பிடிக்க வேறொன்று. மேலதிகாரியே இல்லாத ஒரு வலை. அழகான யோசனை. ஆனால், பிற்பாடு வந்த ஆய்வுகள் அதற்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை.

1995-ல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி வேறொன்றைக் காட்டினார். நம் உடம்பின் சிப்பாய்களான டி செல்களுக்கு, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான் டிரெயினிங். சொந்த உடம்பையே தாக்கக்கூடியவை பெரும்பாலும் அங்கேயே கழித்துக் கட்டப்படும். சில தப்பி வந்துவிடும். அவற்றை அடக்க, அதே டி செல் குடும்பத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அதன் வேலை, 'போதும்' என்று சொல்வது! இந்தத் துறையில் செய்த கண்டுபிடிப்புகளுக்காக சகாகுச்சிக்கும், அமெரிக்காவின் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025-ல் நோபல் கிடைத்தது.

இதைப் படித்ததும் எனக்கு அத்தை ஊருக்குப் பக்கத்து அரியலூர்தான் ஞாபகம் வந்தது.

1956 நவம்பர் 23. மருதையாற்றில் வெள்ளம். பாலம் இடிந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் பலி. ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி. பாலத்தை அவர் கட்டவில்லை, ரயிலை அவர் ஓட்டவில்லை. எந்தக் கோர்ட்டும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனாலும் ராஜினாமா செய்தார். அதே வருடம் மெகபூப்நகர் விபத்தின்போதே எழுதிக் கொடுத்தவர்தான். அப்போது நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றார்.

நாற்காலிக்குள் இருந்தே வந்த 'போதும்' அது. அதிகாரத்துக்கு வெளியில் இருந்து போடுகிற கடிவாளம் எப்போதும் தாமதமாகத்தான் வரும், இல்லையா?

அதற்காக, அடங்கிப் போவதெல்லாம் தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள். இதே 'போதும்' செல்களைத் தன்னைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டுதான் பல புற்றுக்கட்டிகள் தப்பிக்கின்றன. ஆபீஸில் ஒருத்தன் கண்ணெதிரே சுருட்டும்போது, ''விடுப்பா, நமக்கேன் வம்பு'' என்கிறோமே, அதுவும் ஒரு 'போதும்'தான்!

ஆகவே, அடுத்த முறை வாயை மூடிக்கொள்ளும்போது ஒரு நிமிஷம் யோசியுங்கள். உங்கள் மௌனம் யாரைக் காப்பாற்றியது? மூட்டையா, கட்டியையா?

அத்தை இப்போது எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிற மாத்திரை சாப்பிடுகிறார். வெங்காயம் மெதுவாக உரிபடுகிறது. ''காவக்காரனை நிறுத்தலைப்பா'' என்றார் சிரித்துக்கொண்டே, ''தடியை மட்டும் வாங்கி வெச்சிருக்காங்க!''