மன்னிக்கும் உரிமை

கெட்டவன் செய்த கொடுமையைப் பற்றி எழுதுவது எளிது. நல்லவர் செய்த கொடுமையை எந்தக் கணக்கில் எழுதுவது? ஜெர்மனியிலே, கொலோன் நகரத்தில் 1056 முதல் 1075 வரை பேராயராக இருந்த ஆன்னோவின் வரலாற்றைப் படித்த நாள் முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

இரவெல்லாம் ஜெபம், ஏழைகளுக்கு உணவு, மடாலயத் திருப்பணி என்று வாழ்ந்தவர் அவர். அவரேதான் 1062-ல் ஒரு பிள்ளையைக் கடத்திக்கொண்டும் போனார். அந்தப் பிள்ளை அரசன் நான்காம் ஹென்றி. தந்தை இறந்துவிட்டதால் தாய் ஆக்னஸ் அவன் பெயரில் ஆண்டுகொண்டிருந்தாள். கைசர்ஸ்வெர்த்தில் விருந்து முடிந்ததும், ரைன் நதியில் நின்ற அழகான படகைப் பார்க்க வரும்படி 11 வயதுச் சிறுவனை அழைத்தார் பேராயர். அவன் ஏறியதுதான் தாமதம், படகு நகர்ந்தது. மிரண்டுபோன பையன் ஆற்றிலே குதித்துவிட்டான்! எக்பெர்ட் என்ற பிரபு பின்னாலேயே குதித்துக் காப்பாற்றினார். பிள்ளையோடு ஆட்சியும் ஆன்னோவின் கைக்கு வந்தது. நாட்டின் நன்மைக்காகச் செய்தார் என்று வாதாட இடமுண்டு, இருக்கட்டும்.

1074-ல் மறுபடியும் ஒரு படகு. ஈஸ்டருக்கு வந்த விருந்தாளியை வழியனுப்ப, ஒரு வியாபாரியின் படகைச் சரக்கை இறக்கிவிட்டுப் பிடுங்கப் பார்த்தார்கள் பேராயரின் ஆட்கள். வியாபாரியின் மகன் எதிர்த்தான். ஊரே எழுந்தது. இரவோடிரவாகத் தப்பி ஓடிய ஆன்னோ நான்காம் நாள் படையோடு திரும்பினார். நகரம் சூறையாடப்பட்டது. அந்த இளைஞனின் கண்கள் பறிக்கப்பட்டன; வேறு சிலருக்கும் அதே தண்டனை.

சாவதற்கு முன் ஆன்னோ கண்ட கனவை லாம்பெர்ட் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். மறைந்த ஆயர்கள் வெண்ணுடையில் வீற்றிருக்கும் சபை. அவருக்கென்று ஓர் ஆசனம் காலியாக இருக்கிறது. ஆனால் அவர் அங்கியின் மார்பில் ஒரு கறை! கொலோன் மக்கள்மேல் அவர் வைத்திருந்த கோபம்தான் அது. அதை நீக்கிவிட்டு வா என்கிறார்கள்.

ஆன்னோவை வேஷக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். வேஷக்காரனுக்கு இப்படிக் கனவு வராது. ஆனால் அந்தக் கனவிலும் குற்றம் செய்தவர்கள் ஊர்க்காரர்களே. மன்னிக்க வேண்டியவர் அவரே. கண்ணிழந்தவனிடம் போய் மன்னிப்புக் கேள் என்று அந்தச் சபையில் யாருமே சொல்லவில்லை. கதை எழுதும் எனக்கு அந்த மௌனம்தான் கறையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

கனவுக்குக் கீழ்ப்படிந்தார் ஆன்னோ. திருச்சபை விலக்கை நீக்கினார். பறித்த உடைமைகளைத் திருப்பிக் கொடுத்தார். 1183-ல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். அவர் எலும்புகளுக்காகச் செய்த பேழை இன்றும் சீக்பர்க் நகரத்தில் இருக்கிறது. வியாபாரியின் மகனுக்கு லாம்பெர்ட்டின் ஏட்டில் பெயர்கூட இல்லை.