பெயரைக் கூவும் முன்

கைப்பேசித் திரையில் கறுப்பும் வெள்ளையுமாய் ஒரு சிறு சதுரம். ஆஸ்திரேலியாவில் இன்று மருந்துச் சீட்டு பலருக்கு இந்த வடிவில்தான் கிடைக்கிறது. மருத்துவர் கணினியில் எழுதுகிறார். குறுஞ்செய்தியாக வந்து சேர்கிறது. மருந்தகத்தில் ஸ்கேனர் முன் காட்டியதும் பெயர், பிறந்த நாள், மருந்து, அளவு எல்லாம் திரையில் விரிகின்றன. 2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்தில் விரைந்து பரவிய ஏற்பாடு இது. தாள் தொலையாது, கிறுக்கல் எழுத்தை வைத்துக்கொண்டு யாரும் விழிக்க வேண்டியதில்லை. குறை சொல்ல இடமே இல்லை என்று தோன்றும். மருந்து தயாரானதும் கவுண்டரிலிருந்து பெயரைக் கூவுகிறார்கள்.

அந்தக் குரலிடம் நாம் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

நடு ஆஸ்திரேலியாவின் பாலைநிலப் பூர்வகுடிகளிடையே ஒருவர் இறந்தால் அவர் பெயரை நெடுநாள் யாரும் உச்சரிக்க மாட்டார்கள். அதே பெயர் கொண்டு உயிரோடிருப்பவருக்கும் அந்த விலக்கு உண்டு. துக்கம் தணியும்வரை அவரைக் 'குமன்ஜாயி' என்ற மாற்றுப் பெயரால் அழைப்பார்கள். கணினிக்குத் துக்கம் காப்பது தெரியாது. அரசின் பட்டியலில் உள்ள பெயரே அதன் திரையிலும் இருக்கிறது. ஆகவே பலர் காத்திருக்கும் கூடத்தின் நடுவே, இறந்தவரின் பெயர் உரத்த குரலில் விழுகிறது. அழைக்கப்பட்ட பெண் எழுந்து வருவதில்லை. 'அழைத்தோம், வரவில்லை' என்று பதிவாகிறது. அதில் எழுத்துக்கு எழுத்து பொய் இல்லை. ஆனால் நடந்தது என்னவென்று அதிலிருந்து யாரும் அறிய முடியாது.

பெயரைப் போலவேதான் பிறந்த நாளும். மாட்டுப் பண்ணைகளிலும் மிஷன்களிலும் பிறந்த மூத்தவர் பலருக்கு ஆவணத்தில் உள்ள பிறந்த நாள் ஜூலை 1. தாய் அந்த நாளில் பெற்றாள் என்பதற்காக எழுதியதில்லை. நாள் தெரியாத அதிகாரி ஆண்டின் நடுப்பகுதியை இட்டு நிரப்பினார். இன்று அந்த நாளைச் சரியாகச் சொன்னால்தான் நாம் யாரென்று எந்திரம் ஒப்புக்கொள்கிறது. பிறர் நமக்குச் சூட்டிய அடையாளத்தை நாமே மனப்பாடம் செய்து ஒப்பித்துத்தான் நமக்குரிய மாத்திரையைப் பெற வேண்டும் என்றால், அங்கே சரிபார்க்கப்படுவது நாமா, அவர்களுடைய பழைய எழுத்தா?

மருந்து கைக்கு வந்துவிடுகிறது. எப்படிச் சாப்பிட வேண்டும் என்று விளக்குகிறார்கள். "புரிந்ததா?" என்று கேட்கிறார்கள். "ஆம்" என்கிறார் எதிரே நிற்பவர். மொழியியலாளர் டயானா ஈட்ஸ், பூர்வகுடி மக்கள் பேசும் ஆங்கிலத்தை, குறிப்பாக நீதிமன்றச் சாட்சியங்களில் அது படும் பாட்டை, பல்லாண்டு ஆராய்ந்தவர். அதிகாரத்தில் இருப்பவர் கேள்வி கேட்டால், உடன்பாடு உண்டோ இல்லையோ, கேள்வியே விளங்கிற்றோ இல்லையோ, 'ஆம்' என்று சொல்லிவிடும் வழக்கத்தை அவர் விரிவாக எடுத்துக்காட்டினார். அந்த 'ஆம்' ஒரு மரியாதை. பல நேரம் சீக்கிரம் விடைபெற்றுப் போவதற்கான வழி. அதே மக்களிடையே பதில் சொல்லாமல் நெடுநேரம் இருப்பதும் முறையான பேச்சின் பகுதிதான். கேட்டதை உள்ளே போட்டுப் பார்க்கும் நேரம் அது. அந்த நேரத்தைக் கவுண்டரின் வேகம் தருவதில்லை. 'ஆலோசனை வழங்கப்பட்டது' என்ற கட்டத்தில் குறியிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார்கள்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நாமும் சொல்லிப் பழகிவிட்டோம். யாருடைய மௌனம், யார் முன்னிலையில் என்று கேட்டுப் பார்த்ததில்லை. ஒரு நாடு முழுவதற்கும் இந்தப் பழமொழி சட்டமாகவே ஆனதுண்டு. ஆஸ்திரேலியாவின் தேசிய மின் நலப்பதிவேடு 2012இல் தொடங்கியபோது, விரும்பியவர் மட்டும் சேரலாம் என்றிருந்தது. பிறகு விதி திரும்பியது: 2019 ஜனவரி 31க்குள் வேண்டாம் என்று சொல்லாதவர் அனைவருக்கும் பதிவேடு உண்டு. நோக்கம் தீயதென்று நான் சொல்ல மாட்டேன். நள்ளிரவில் நினைவின்றிக் கொண்டுவரப்பட்டவருக்குப் பென்சிலின் ஒவ்வாது என்பது தெரிந்திருப்பது உயிர்ப்பிச்சை. பதிவேட்டைப் பின்னர் மூடவும் பூட்டவும் வழி வைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் மறுப்பதற்கு முதலில் சேதி காதில் விழ வேண்டும், விழுந்தது விளங்க வேண்டும், மறுத்தால் தண்டனை வராது என்ற நம்பிக்கை வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஒருவரின் மௌனத்தைச் சம்மதம் என்று எண்ணிக்கொள்வது எண்ணிக்கொள்பவருக்கு மட்டுமே வசதி.

அந்த நம்பிக்கை ஏன் இல்லை என்பதற்கு வரலாறு விடை சொல்கிறது. 1944இல் மேற்கு ஆஸ்திரேலியா ஒரு சட்டம் இயற்றியது. பூர்வகுடி ஒருவர் குடியுரிமைச் சான்றிதழ் பெற வேண்டுமானால், நெருங்கிய குடும்பத்தார் தவிரத் தம் குலத்தாருடனான உறவையெல்லாம் அறுத்தவராக இருக்க வேண்டும். நாட்டின் வேறு பகுதிகளிலும் இத்தகைய விலக்குச் சான்றிதழ்கள் இருந்தன. நாய்க்குக் கட்டும் வில்லை என்று அந்த மக்களே கசப்போடு அவற்றுக்குப் பெயரிட்டார்கள். 1910 முதல் 1970 வரையிலான காலத்தில் பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை பெற்றோரிடமிருந்து வலிந்து பிரிக்கப்பட்டார்கள் என்று 1997இல் வெளிவந்த அரசு விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யார் நிறம் எவ்வளவு வெளிறியது என்பதெல்லாம் கோப்புகளில் இருந்தன. பட்டியல் முதலில் வந்தது. வண்டி பிறகு வந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தவர்களை மறக்காத தமிழர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒருவர் தம் நோயை, தம் மாத்திரையை, தம் இனத்தை அரசின் கணினி குறித்துக்கொள்வது கண்டு ஒதுங்கினால், அதை அறியாமை என்று எழுதிவிடுவதற்கு முன் நாம் தயங்க வேண்டும். நினைவாற்றல் என்றும் அதற்குப் பெயர் உண்டு.

இதில் இன்னொரு முகமும் இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. பிரிக்கப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து தாயைத் தேடத் தொடங்கியபோது, 1980இல் 'லிங்க் அப்' என்ற அமைப்பு அவர்களுக்குத் துணையாகப் பிறந்தது. தேடலுக்கு அவர்களிடம் இருந்த தடயங்களில் முக்கியமானவை எவை? அதே கோப்புகள். பிரித்த எழுத்தே வீட்டுக்கு வழி காட்டவும் செய்தது. எழுத்தில் நஞ்சும் இல்லை, அமுதமும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் எனக்குச் சொன்னதில்லை. பெட்டியின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

மூன்று எழுத்துகளின் கதை இதற்குப் பொருந்தும். பூர்வகுடி மக்களுக்கும் பிறருக்கும் இடையே ஆயுளிலும் நலத்திலும் உள்ள பெரும் இடைவெளியை அடைக்க வேண்டும் என்ற திட்டத்தின்கீழ், 2010 ஜூலை முதல், மருந்துச் சீட்டில் 'சி.டி.ஜி.' என்று குறித்திருந்தால் மருந்தின் விலை குறைந்தது. 2021 ஜூலையிலிருந்து அந்த எழுத்துகளின் இடத்தைத் தேசியக் கணினிப் பதிவு பிடித்துக்கொண்டது. நல்ல சலுகை; உயிர் காத்த சலுகை. ஆனால் அதைப் பெற ஒருவர் தாம் யாரென்று சொல்ல வேண்டும். அதற்கு முன் யாராவது கேட்க வேண்டும். முகத்தின் நிறத்தைப் பார்த்துவிட்டு ஊகித்துக் கேட்பவரும் உண்டு, பார்த்துவிட்டுக் கேட்காமலே விடுபவரும் உண்டு. வருகிறவர் எல்லாரிடமும் ஒரே குரலில் கேட்டு, எதற்காகக் கேட்கிறோம் என்பதையும் சொல்பவரிடம் மட்டுமே அந்தக் கேள்வியில் பழைய வில்லையின் வாடை அடிப்பதில்லை.

இப்படிக் கேட்கும் அக்கறையின் வேரைத் தேடிப் போனால் தாஸ்மன் கடலைக் கடந்து நியூசிலாந்து செல்ல வேண்டும். 1988இல் கிறைஸ்ட்சர்ச் நகரில் கூடிய ஒரு கூட்டத்தில், செவிலியம் படித்துக்கொண்டிருந்த மாவோரிப் பெண்ணொருத்தி எழுந்து கேட்டாள்: சட்டப் பாதுகாப்பு, சிகிச்சைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரு கோட்பாடாக வளர்த்தவர் இரிஹபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரிச் செவிலியர். 1992இல் அந்நாட்டின் செவிலியர் மன்றம் அதைக் கல்வியின் பகுதியாக்கியது. எதிர்ப்பும் ஏளனமும் குறைவாக வரவில்லை. ராம்ஸ்டனின் கருத்தில் இரண்டு திருப்பங்கள் உள்ளன. பிறருடைய சடங்குகளையும் சாப்பாட்டையும் மனப்பாடம் செய்வதை அவர் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று கொள்ளவில்லை. தன் கையில் உள்ள அதிகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் கண்ணைத்தான் கேட்டார். இரண்டாவது இன்னும் கடினமானது: பணி பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை பணி செய்தவருக்கு இல்லை, பெற்றுக்கொண்டவருக்கே உண்டு. ஆஸ்திரேலியாவிலும் 2022இல் திருத்தப்பட்ட நலப்பணியாளர் சட்டம் பண்பாட்டுப் பாதுகாப்பைத் தன் கொள்கைகளில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. அரைநாள் வகுப்பும் அதன் இறுதியில் ஒரு சான்றிதழும் இந்தக் கண்ணைத் தந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சட்டம் சொல்லத் தொடங்கியதே ஒரு பேறு.

கூடிப் பணியாற்றுவது என்பதையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பூர்வகுடி மக்கள் தாங்களே நடத்தும் முதல் மருத்துவ நிலையத்தைத் திறந்தார்கள். இன்று நாடெங்கும் அத்தகைய நிலையங்கள் இயங்குகின்றன. 1999 முதல் தொலைதூர நிலையங்களுக்கு அரசு மருந்துகளை மொத்தமாக அனுப்பி, மக்களுக்கு இலவசமாகக் கிடைக்கச் செய்தது. மருந்து வந்தது, மருந்தாளுநர் பல இடங்களில் அரிதாக வரும் விருந்தாளியாகவே இருந்தார். 2010களின் இறுதியில், இந்த நிலையங்களுக்குள்ளேயே மருந்தாளுநரை அமர்த்திப் பார்க்கும் முயற்சி ஒன்று நடந்தது. கவுண்டருக்குப் பின்னால் நின்றவர் நோயாளியின் அருகே நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் அந்த ஊரின் நலப்பணியாளர், உறவுமுறை அறிந்தவர். எந்தப் பெண்ணின் நோயை எந்த ஆணின் காதுபடப் பேசக் கூடாது, எந்தப் பெயரை இந்த மாதம் சொல்லக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் ஒரே திரையைப் பார்ப்பதைத்தான் ஒருங்கிணைப்பு என்று நாம் சொல்லி வருகிறோம். அந்தத் திரையில் யாருடைய வாழ்வு எழுதப்பட்டிருக்கிறதோ அவர் மட்டும் திரைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தால், கூடியிருப்பவர்கள் எத்தனை பேரானால் என்ன?

டேலி ஆற்றங்கரையின் நயுயு ஊரைச் சேர்ந்த மூத்தவரும் கல்வியாளருமான மிரியம்-ரோஸ் உங்கன்மெர்-பௌமன் தம் மொழிச் சொல்லொன்றை உலகுக்கு எடுத்துச் சொன்னார்: டடிரி. ஆழ்ந்து கேட்டல், அசையாமல் விழித்திருத்தல் என்று அதை விரிக்கலாம். ஒற்றைத் தமிழ்ச் சொல் எனக்கு அகப்படவில்லை. செவிமடுத்தல் அருகில் வருகிறது, பொறுத்திருத்தலும் அதோடு சேர வேண்டும். செய்தி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக இனி நேரம் தேவையில்லை என்றாகிவிட்ட காலத்தில், அந்தச் செய்திக்கு உரியவர் அதனோடு உடன்பட எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும் குறையவே இல்லை என்பதையும், தரவு கைமாறும்போது அதைத் தந்தவரின் நம்பிக்கை தானாகவே கூடக் கைமாறிவிடுவதில்லை என்பதையும், ஒவ்வொரு புதிய கண்ணும் அந்தப் பதிவைத் திறக்கும்போது அந்த நம்பிக்கையை முதலிலிருந்து சம்பாதித்தாக வேண்டும் என்பதையும் எண்ணிப் பார்த்தால், மருந்து என்பது தரப்படும் கணத்தில் முற்றுப்பெறும் பொருளாக நமக்குத் தோன்றாது. எதிரே இருப்பவர் அதைத் தமக்கு உரியதாக ஏற்றுக்கொள்ளும் அந்தத் தாமதமான, யாரும் அவசரப்படுத்த முடியாத கணத்திலேதான் அது மருந்தாகிறது என்று படும்.

சிட்னியிலும் மெல்பர்னிலும் டார்வினிலும் கவுண்டருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டு அணிந்து நிற்கும் நம் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயரைக் கூவும் முன், உங்களை எப்படி அழைக்கட்டும் என்று அவரையே கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமாகும். அதுவரை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து வைத்திருங்கள்.