உரசாத கருவி

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் வெடிமருந்து கையாளும் அறைக்குள் இரும்புக் கருவிக்கு இடமில்லை. இரும்பு உரசினால் பொறி பறக்கும். எனவே மரம், பித்தளை போன்ற பொறி எழுப்பாத கருவிகளையே கையில் எடுக்க வேண்டும் என்பது விதி. மனம் கொதித்திருக்கும் வேளையில் சொல்லும் அப்படித்தான். கண்டிக்க வேண்டியதைக்கூட மென்சொல்லால் கண்டிக்க முடியும்.

அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும். தொழிலாளி அதைத் தொட்டு, உடலில் சேர்ந்த நிலைமின்சாரத்தை மண்ணில் இறக்கிய பிறகே உள்ளே செல்ல வேண்டும். வெளியே சேர்ந்த எரிச்சலை வாசலிலேயே இறக்கி வைப்பவரின் வீட்டில் வீண் சண்டை குறையும்.

கலந்த மருந்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. ஈரம் பட்டால் சில கலவைகள் தாமே சூடேறிப் பற்றிக்கொள்ளும். மனத்தாங்கலையும் அன்றன்றே பேசித் தீர்ப்பதே நல்லது.

அறைக்கும் அறைக்கும் இடைவெளி கட்டாயம். ஒன்றில் பற்றிய தீ அடுத்ததைத் தொடாமல் காப்பது அதுவே. உறவில் விடும் இடைவெளியும் பிரிவு ஆகாது, அது பாதுகாப்பு.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவ ஓடிவந்த அக்கம்பக்கத்தாரும் அவர்களில் உண்டு. ஒரு பொறியின் விலையை அதை எழுப்பியவர் மட்டும் கொடுப்பதில்லை. அருகில் இருக்கும் அன்பானவர்களும் கொடுக்கிறார்கள். கருவியைப் பழகும்போதும் உறவைப் பழகும்போதும் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவே.